ஔலிஸின் காய்ச்சல்

“கிட்ட வராதீங்க. எனக்குக் காய்ச்சல்” என்றார் ஔலிஸ், நேப்பிள்ஸில் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றபடி.

மகள் சையா அதை இத்தாலிய மொழியில் சொன்னாள். இரண்டு கன்னத்திலும் முத்தமிடக் கைகளை விரித்து வந்த மாப்பிள்ளையின் அம்மா நுன்சியா சட்டென்று நின்றாள்.

காய்ச்சலாவது ஒன்றாவது. பயம். அறுபத்திரண்டு வயதுவரை பின்லாந்தைத் தாண்டாத மனிதர். அங்கே எங்கள் ஊரான கூஹ்மோவில் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசவேண்டியதையெல்லாம் மனைவி பேசினாள். அவள் இறந்து நான்கு வருஷம். நேப்பிள்ஸில் இருக்கும் மகளைப் பார்க்க இரண்டு முறை டிக்கெட் எடுத்து, இரண்டு முறையும் விமான நிலையத்தோடு திரும்பிவிட்டார். “கல்யாணத்துக்கும் வரலேன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்பா” என்று சையா சொன்ன பிறகுதான் கிளம்பினார். நாளைக் காலை கல்யாணம். சர்ச்சில் இருநூறு பேர் நடுவே அவள் கையைப் பிடித்து நடக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தனியே விட்டுவிடுவோம். சூப்பைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. அதை நம்பித்தான் ஔலிஸ் பொய் சொன்னார். நேப்பிள்ஸில் நோயாளியைத் தனியே விடுவது கொலைக்குச் சமம் என்று அவருக்கு யார் சொல்வது?

ஐந்தே நிமிஷத்தில் சோபாவில், கம்பளிக்குள் கிடந்தார். நுன்சியா கோழி சூப்பை ஊட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை நெற்றியைத் தடவினாள்.

“நானே குடிச்சுக்கறேன்னு சொல்லும்மா.”

“சொல்லிட்டேன்பா. கை நடுங்கும், கொட்டிடும்ங்கறாங்க.”

“அப்போ காய்ச்சல் விட்டுடுச்சு, முதுகுவலி மட்டும்தான்னு சொல்லு.”

அது இன்னும் வம்பாகிவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டு அத்தை எண்ணெய் தேய்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் ஒத்தாசைக்கு வந்தார்கள்.

“வலி போயே போச்சு! தூக்கம் வருதுன்னு சொல்லு!”

கட்டிலில் படுக்கவைத்தார்கள். சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தார்கள். புது இடத்தில் கண்விழித்தால் பயந்துவிடுவாராம். நுன்சியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி போன பிறகு அந்தக் கையை யாரும் பிடித்ததில்லை. ஔலிஸுக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது மாப்பிள்ளை சிரோவின் பெரியப்பா, டாக்டர் கார்மினே, பெட்டியோடு வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நீளமான ஊசி ஒன்றை எடுத்தார்.

ஔலிஸ் எழுந்து உட்கார்ந்தார். “சையா, எனக்கு ஒண்ணுமே இல்ல. இவங்களப் பாத்து பயம், அவ்வளவுதான். எனக்குப் பேசத் தெரியாது, கட்டிப்பிடிக்கத் தெரியாது. நாளைக்கு உன் பக்கம் நிக்க நான் ஒருத்தன்தான், அதுவும் இந்த லட்சணத்துல. இத அப்படியே சொல்லு.”

சையா கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்படியே சொன்னாள்.

ஔலிஸ் கட்டிலை விட்டு இறங்கினார். உறைந்த ஏரியில் பனியை உடைத்து இறங்குகிறவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுன்சியாவிடம் கன்னத்தைக் காட்டினார். அவள் இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். உயிர் போகவில்லை. ஏழு பேரிடமும் காட்டினார்.

டாக்டர் ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சையாவின் முகம் சிவந்துவிட்டது.

“என்னம்மா சொல்றார்?”

“ஒண்ணுமில்லப்பா. அதெல்லாம் நான் சொல்லமாட்டேன்.”

சிரோதான், கல்யாணத்துக்காகக் கற்றுக்கொண்ட தட்டுத்தடுமாறும் பின்னிஷ் மொழியில் சொன்னான்:

“உங்களுக்கு ஒரே நாள்ல குணமாயிடுச்சாம் மாமா. இதே வாசல்ல, இதே காய்ச்சலோட முதல்முதலா வந்து நின்ன உங்க பொண்ணுக்கு நாலு நாள் ஆச்சாம்!”