செக்‌ஷன் தோற்ற பத்து ஆட்டம்

பிள்ளையார்பாளையத்தில் யாராவது தும்மினால், அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். கோர்ட் வாசலில் மனு எழுதிப் பிழைத்தார். ஊருக்கு அவர் 'செக்‌ஷன்'. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே 'மேற்படி மணமகன்' என்று எழுதியவர்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அமாவாசை. தறிக்கு விடுமுறை. நெசவாளிகள் நாங்கள் நாலு பேர் ரம்மி ஆடிக்கொண்டிருந்தோம். தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும்; அவ்வளவுதான் பந்தயம். செக்‌ஷன் ஆடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ரம்மி சூதாட்டம் இல்லபா, தெறமை. சூதாட்டச் சட்டத்துல செக்‌ஷன் பதினொண்ணு படிச்சுப் பாரு" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

சீட்டுக்கட்டோடு ஐந்து டீ கிளாஸும் சாட்சிப் பொருளாயின.

"நீ வேடிக்கைதானே பாத்தே? போ," என்றார் செக்‌ஷனிடம்.

"அதெப்படிங்க? நானும் டீ குடிச்சேன். என்னையும் சேத்து எழுதுங்க," என்று முதல் ஆளாக ஜீப்பில் ஏறினார் செக்‌ஷன். அடுத்தவர் வழக்கையே எழுதிவந்தவருக்குச் சொந்தமாக ஒரு வழக்கு.

கோர்ட்டில் வக்கீல் வேண்டாமென்று அவரே அரை மணி நேரம் பேசினார். ரம்மியில் ஜெயிப்பது அதிர்ஷ்டமல்ல, புத்தி என்றார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியா? ஆடிக் காட்டுங்க."

செக்‌ஷன் முகம் வெளுத்தது. மனிதர் சீட்டைக் கையால் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எதிரே எங்கள் நால்வரில் ஒருவனான ஏகாம்பரம். கீழே விழுந்த சீட்டையெல்லாம் சேலையில் புட்டா எண்ணுகிறவன் மாதிரி நினைவில் வைத்திருப்பான். பத்து ஆட்டம். பத்திலும் செக்‌ஷன் தோற்றார். கடைசி ஆட்டத்தில் ஜோக்கரையே கீழே போட்டார். விட்டுக்கொடுடா என்று கண்ணால் ஜாடை காட்டினேன். ஏகாம்பரம் நிமிரவே இல்லை. ஜெயில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாஜிஸ்திரேட் சொன்னார்: "வெறும் அதிர்ஷ்டமா இருந்தா, இவரு ஒரு ஆட்டமாவது ஜெயிச்சிருப்பாரு. வழக்கு தள்ளுபடி."

வெளியே வந்ததும் ஏகாம்பரம் செக்‌ஷனைத் தோளில் தூக்கிக்கொண்டான். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"கேஸ் ஜெயிச்சாச்சு. இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றேன்.

"பத்துல ஒண்ணுகூடவாப்பா?"

அடுத்த அமாவாசைக்கு அவரையும் உட்கார வைத்துச் சீட்டுப் போட்டோம். சீக்கிரமே என் கையில் ரம்மி சேர்ந்துவிட்டது. காட்டவில்லை. அவர் ஜெயிக்கும்வரை ஒன்றரை மணி நேரம் சீட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். மற்ற மூவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது.