நாலு சிஸ்டருக்கு நாலு பேனா

“ஆளைக் குறைக்கப் போறாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் பணம் பத்தலையாம். வராந்தாவுல பேசிக்கிறாங்க” என்றாள் பார்வையாளர் நேரத்தில் வந்திருந்த மனைவி.

கண் வார்டின் பதினோராம் கட்டிலில் படுத்திருந்த கண்டக்டர் பதறி எழுந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் கட்டு. மறு கண்ணில் புரை முற்றி, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அந்த வார்டில் எல்லார் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அவர் முப்பது வருடம் பஸ்ஸில் தலை எண்ணியவர். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு மிதப்பு உண்டு.

“நம்ம நாலு சிஸ்டர்ல ஒருத்தர் போனாலும் இந்த வார்டு நொண்டியடிக்கும்” என்றார்.

நாலு பேருக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். கண்ணைத் தேய்த்தால் சீறுகிறவர் அதட்டல் சிஸ்டர். சொட்டு மருந்து விடும்போது மெல்லப் பாடுகிறவர் பாட்டு சிஸ்டர். சளி பிடித்த குரலோடு காய்ச்சல் பார்க்க வருகிறவர் மூக்கடைப்பு சிஸ்டர். பாத்ரூமுக்குக் கைபிடித்து அழைத்துப் போய், “மெதுவா, மெதுவா” என்று காதோடு சொல்கிறவர் கிசுகிசு சிஸ்டர். ஒருவரைக் கூப்பிட்டால், “இருங்க, அவங்களை அனுப்பறேன்” என்று இன்னொருவரை அனுப்புவார். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்துக்கொள்வாளா என்று இந்த நாலு நாளில் அவர் பலமுறை நினைத்திருக்கிறார்.

“அய்யா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் தரை துடைக்கும் அம்மாள்.

“அப்புறம் சொல்லும்மா. இங்க தலை போற விஷயம் ஓடிக்கிட்டிருக்கு.”

கொஞ்ச நேரத்தில் ஆள் கணக்கெடுக்கும் அதிகாரியே வந்துவிட்டார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

கண்டக்டர் முந்திக்கொண்டார். “சார், எங்க நாலு சிஸ்டரும் தங்கம். ஒருத்தர் மேலயும் கை வச்சிடாதீங்க.”

“நாலா? இந்த வார்டுக்கு ரெண்டு பேர்தானே அனுமதி? அப்ப ரெண்டு பேர் அதிகம்.”

கண்டக்டருக்கு வியர்த்தது. காப்பாற்றப் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டாரே! “வாய் தவறிடுச்சு சார். ரெண்டு பேர்தான். அதட்டல் சிஸ்டர், கிசுகிசு சிஸ்டர்.”

“இதென்ன அநியாயம்?” பக்கத்துக் கட்டில் வாத்தியார் கொதித்தார். “பாட்டு சிஸ்டர் இல்லேன்னா என் கண்ணுல ஒரு சொட்டு விட முடியுமா?”

“மூக்கடைப்பு சிஸ்டரை ஏன் விட்டீங்க?” என்று எதிர்க் கட்டில் தையல்காரரும் சண்டைக்கு வந்தார்.

“ஆக, நாலு” என்றார் அதிகாரி.

“எழுதாதீங்க சார்!” என்று கெஞ்சினார் கண்டக்டர். “நாலு பேருக்கும் மூச்சு விட நேரமில்ல. அவங்க ஒருத்தரோட ஒருத்தர் நின்னு பேசிக்கூட நாங்க கேட்டதில்ல!”

பேனா நின்றது. “ரெண்டு பேர் குரல் சேர்ந்து கேட்டதே இல்லையா?”

“ஒருநாளும் இல்ல சார். ஒருத்தர் பேசினா மத்த மூணு பேரும் கப்சிப். அவ்வளவு ஒழுக்கம்!”

“அய்யா...” என்று இழுத்தாள் தரை துடைக்கும் அம்மாள்.

“இரும்மா!”

அதிகாரி எழுந்து மருந்து அறைப் பக்கம் போனார். வெகுநேரம் திரும்பவில்லை. இரண்டு பேருக்கு நானே சீட்டைக் கிழித்துவிட்டேனே என்று கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அதிகாரியின் குரல் தணிந்திருந்தது. “கவலைப்படாதீங்க பெரியவரே. அந்த நாலு பேரும் இங்கேயேதான் இருப்பாங்க. துணைக்கு இன்னொருத்தரையும் அனுப்பறேன். நாளை மறுநாள் வந்துடுவாங்க.”

வார்டே கைதட்டியது. “அஞ்சு!” என்று விரல்களை விரித்துக் காட்டினார் கண்டக்டர். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். மனைவியிடம் சொல்லி வாங்கிவரச் செய்த நாலு பேனாக்கள் கையில் தயாராக இருந்தன. எதிரே ஒல்லியான ஒரு நர்ஸ், கலைந்த தலையோடு சொட்டு மருந்தை மூடிக்கொண்டிருந்தார். கண்டக்டர் வார்டு முழுக்கப் பார்வையை ஓட்டினார். வேறு ஒரு நர்ஸும் தென்படவில்லை.

“மத்த மூணு பேரையும் கூப்பிடுங்கம்மா. கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

அந்த நர்ஸ் சிரித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

தரை துடைக்கும் அம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். “இப்பவாவது என்னைச் சொல்ல விடுங்கய்யா. கண்ணு தெரியாம படுத்திருக்கிறவங்க, ஒரே ஆளுதான்னு தெரிஞ்சா பயந்துடுவாங்கன்னு குரலை மாத்தி மாத்திப் பேசினாங்க. நாலு பேனாவையும் இவங்ககிட்டயே குடுங்க. நாளைக்கு வர்றவங்கதான் ரெண்டாவது ஆளு.”