எட்டேகால் அங்குலப் பாதுகாப்பு

நானூற்றுப் பதினேழு டாலர் அறுபது காசு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், காட்டுத்தீ அணைப்பவர்கள் தங்கிய முகாமின் பாதுகாப்பு முழுவதும் இந்தத் தொகையின் மேல்தான் நின்றது என்றால் மிகையாகாது. ஆள் பிடித்து அனுப்பும் ஒப்பந்தக்காரர் மெர்லுக்கு, தீயணைக்க வந்த கூலியாள் வென்டெல் பட்ட கடன் அது. காலில் கிடந்த பூட்ஸின் விலை. தீயணைக்க வருகிறவன் பூட்ஸைத் தானே வாங்க வேண்டும். இல்லாதவனுக்கு மெர்ல் கடனாகக் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். தர்மப்பிரபு.

பத்து நாள் சுடுசாம்பலில் நின்றதில் ஒரு பூட்ஸின் அடி உருகி வாயைப் பிளந்துவிட்டது. வென்டெல் பாதுகாப்பு அதிகாரி லோர்னாவைத் தேடிப் போனான். அவருடைய கூடார வாசலில் பெரிய பலகை: 'காயமே இல்லாத நாட்கள்: 19'.

"மேடம், அடி போயிருச்சு. வேற பூட்ஸ் குடுங்க. இல்லன்னா ரெண்டு நாள் சமையல் பக்கம் போடுங்க."

லோர்னா மண்டியிட்டு, அளவு நாடாவால் பூட்ஸின் உயரத்தை அளந்தார். விதிப்படி எட்டு அங்குலம் வேண்டும்.

"எட்டேகால்! பிரமாதம்ப்பா!"

"உயரம் இருக்கு மேடம். கீழதான் ஒண்ணுமில்ல."

"கீழ அளந்தா எழுதறதுக்குப் படிவத்துல எடமே இல்லையேப்பா."

மெர்ல் இன்னும் நியாயஸ்தர். "கடன் முடியறவரைக்கும் அது என் பூட்ஸுடா. நீ கெடுத்ததுக்கு நான் ஏதாச்சும் கேட்டனா?" என்று ஒட்டுநாடா ஒரு சுருள் இலவசமாகவே கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக் கூட்டம். காயமில்லாத இருபதாவது நாள், இருநூறு பேர், மூன்றடுக்குக் கேக். விதிக்கும் மேலே கால் அங்குலம் சாதித்த வென்டெலுக்கு 'முன்மாதிரிப் பாதம்' விருது. கைத்தட்டலுக்கு நடுவே மேடை ஏறினான். பிளந்த அடி படியைக் கவ்வியது. விழுந்தான். கணுக்கால் முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

லோர்னா பலகையைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். அப்புறம் வென்டெலைப் பார்த்தார்.

"யாராச்சும் எதையாச்சும் பாத்தீங்களா?"

கேக் இன்னும் வெட்டவில்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை.

"நான் பாத்தேன் மேடம்!" என்றான் வென்டெல், தரையிலிருந்து.

"நீதான் குப்புற விழுந்தியேப்பா. உனக்கு என்ன தெரியும்?"

மெர்ல் ஒரு தாளோடு குனிந்தார். வென்டெல் காலை ஐந்து மணிக்கே தன் விருப்பப்படி வேலையை விட்டு நின்றுவிட்டதாக அதில் எழுதியிருந்தது. அப்படியானால் ஆறு மணிக்கு விழுந்தவன் 'விருந்தாளி'. விருந்தாளிகளின் எலும்பு பலகைக் கணக்கில் வராது.

"கையெழுத்துப் போடு. பூட்ஸ் கடன் தள்ளுபடி."

"ஆஸ்பத்திரி செலவு?"

"அது வேலையில இருக்கறவனுக்குடா."

"போடலன்னா?"

"காலும் ஒடஞ்சிருக்கும், கடனும் இருக்கும்."

கணுக்கால் பூசணிக்காயாகிக்கொண்டிருந்தது. போட்டான்.

மெர்ல் பூட்ஸைப் பக்குவமாகக் கழற்றிக்கொண்டார். லோர்னா மறுபடி அளந்தார்: எட்டேகால், சேதமில்லை. பலகையில் இருபது ஏறியது. வெறுங்காலோடு வண்டியில் கிடந்த வென்டெலுக்கும் ஒரு துண்டு கேக் வந்தது, விருந்தாளி அல்லவா!

கடன் தீர்ந்தது. பூட்ஸ் விலைக்கே கால் கிடைக்கும் என்று முகாமுக்கு அன்றுதான் தெரிந்தது.