கூர்மையாக்கிய படமும் ஒற்றை ஆலிவ் மரமும்

கலமாத்தாவுக்கு மேலே, நவம்பர்

அன்புள்ள மருமகன் லாம்ப்ரோஸுக்கு, தாய்மாமன் அனெஸ்திஸ் எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் ஆடுகளும் நலம். உன் அத்தையும் நலம் என்றுதான் கேள்வி. அவள் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அதற்குக் காரணம் நீ.

எங்கள் இரண்டு தோப்புக்கும் நடுவே இருந்த எல்லைச் சுவர் மழையில் சரிந்ததிலிருந்து அங்கே நிற்கும் ஆலிவ் மரம் யாருடையது என்று எனக்கும் அத்தையின் அண்ணன் ஸ்திராத்திஸுக்கும் நடக்கிற தகராறு உனக்குத் தெரியும். சுவர் இருந்த காலத்துச் செயற்கைக்கோள் படத்தில் மரம் வெறும் சாம்பல் நிறத் தீற்றலாக இருந்தது. மங்கலான படங்களைக் கம்ப்யூட்டரில் கூர்மையாக்குவதுதானே ஏதென்ஸில் உன் உத்தியோகம் என்று பெருமையோடு உன்னிடம் கொடுத்தேன். நீ அனுப்பியதைக் காபிக் கடைச் சுவரில் ஒட்டினோம். ஊரே கூடிப் பார்த்தது. நடுவில் சுவர், இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம். ஆளுக்கொன்று என்று நானும் ஸ்திராத்திஸும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு தோப்புக்குப் போனால் அங்கே ஒரே மரம்தான் நிற்கிறது.

"நிக்கிறது என்னுது மச்சான். உம்ம மரத்த யாருக்கு வித்தீரு?" என்றான்.

"நானா வித்தேன்? நிக்கிறதுதான்டா என்னுது. உன் மரம் எங்க போச்சுன்னு என்னக் கேட்டா?"

போலீஸ் ஏட்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தார். "வானத்துலேந்து எடுத்தது பொய் சொல்லாதுய்யா. அடிக்கட்டை எங்கயாச்சும் இருக்கும், தோண்டுங்க" என்றார். இருவரும் மரத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

நீ போனில் சொன்னதையும் கடையில் சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தனக்குத் தெரியாத இடத்தை மற்ற தோப்புகளைப் பார்த்துப் பழகியதை வைத்து ஊகித்து நிரப்பும், ஒரு மரம் அப்படி வந்ததுதான் என்றேன்.

"அப்போ அது ஊகிச்சது உம்ம மரத்தத்தான்!" என்றான் ஸ்திராத்திஸ்.

மரத் திருடனோடு குடித்தனம் நடத்த மாட்டேன் என்று அத்தை அன்றே கிளம்பிவிட்டாள். நானே அவரைக்காயை வேகவைத்து நானே தின்கிறேன். மறைப்பானேன், அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஆகவே படத்தை மறுபடி கூர்மையாக்கு. ஒரே மரம் வர வேண்டும், அதுவும் என் பக்கம். அது என் தாத்தா நட்டது. சத்தியம்.

உன் கண் பார்வை குறையாமல், நல்ல இடத்தில் பெண் அமைந்து நீ சிறக்க வேண்டும்.

உன் தாய்மாமன்,
அனெஸ்திஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில், நாங்கள் தோண்டிய தோண்டலில் வேரின் பிடி விட்டுப்போய் மரம் சாய்ந்து, நிழலுக்காக நிறுத்தியிருந்த போலீஸ் வண்டியின் மேல் விழுந்துவிட்டது. மரத்துக்குச் சொந்தக்காரன் யார் என்று ஏட்டு கேட்டுக்கொண்டு நிற்கிறார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அது ஸ்திராத்திஸின் தாத்தா நட்டது. அவனும் உனக்கு ஏதாவது எழுதுவான், நம்பாதே. படத்தை நன்றாகக் கூர்மையாக்கி அனுப்பு. இரண்டு மரமும் அவன் பக்கமே நிற்கட்டும்.