ஸ்குரூவுக்கு 'வாங்க', முதலாளிக்கு 'வாடா'

பூனாவில் நான் பார்த்த மனிதர்களில் ஸ்குரூவுக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் தாம்பா ஒருவர்தான். மனிதர்களுக்கு அவர் கொடுத்ததில்லை. பேங்க் மேனேஜர் ஸ்கூட்டரோடு வந்தாலும் 'வாடா', முதலாளி நான் வந்தாலும் 'வாடா'. துருவேறி இறுகிப்போன ஸ்குரூ ஒன்று மேஜைக்கு வந்தால் மட்டும், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "வாங்க, இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்பார்.

"மனுசனுக்கு டா, ஸ்குரூவுக்கு வாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுசன் கோச்சிக்கினா நாளைக்கு சமாதானம் ஆயிடுவான்டா. மாட்டிக்கின ஸ்குரூ கோச்சிக்கினா ஆயுசுக்கும் ஆவாது."

தாம்பா என்றால் மராத்தியில் 'பொறுங்க' என்று அர்த்தம். குண்டு செய்யும் ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே அவசரப்பட்டவன் மறுநாள் அட்டெண்டன்ஸில் இருக்கமாட்டான். ரிடையராகி என் கார் ரிப்பேர் ஷெட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. சூடாக டீ நீட்டினாலும் தாம்பாதான். ஆம்பூர்க்காரர் என்பது தெரியும், நிஜப் பெயர் தெரியாது. ஒரு தடவை கேட்டதற்கு, "தாம்பா, யோசிச்சு சொல்றேன்" என்றார்.

ஒருநாள் சாங்வி ஸ்டாப்பில் புறப்பட்ட பஸ்ஸை ஓடிப்போய், "தாம்பா, தாம்பா" என்று நிறுத்தினார். டிரைவர் பிரேக் போட்டார். இவர் ஏறவில்லை. சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, படியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஸ்குரூவை முடுக்கிவிட்டு, "ஹாங், சலா", சரி கிளம்புங்க, என்று பஸ்ஸை அனுப்பிவிட்டார். கண்டக்டர், கடைசி ஸ்டாப்பான நிக்டிக்குப் போய்ச் சேரும்வரை திட்டியிருப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, டப்பாவும் துணியுமாகக் கார் கழுவ வந்தவன் நான். தொண்ணூறுகளில் பூனாவில் எந்தப் பழைய கார் இருமினாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். இஞ்சினியர் படித்த பையன்கள் என்னிடம் சந்தேகம் கேட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை பெருமையையும் ஒரு ஸ்குரூவுக்கு முன்னால் தொலைத்தேன். இதுவரை இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வானவடியிலிருந்து ஒரு ரிடையர்டு கர்னல் தன் பழைய இங்கிலீஷ் காரை என்னிடம் விட்டிருந்தார். மறைந்துபோன மனைவியோடு ஊர் சுற்றிய வண்டி. பத்து நாளில் மகளுக்குக் கல்யாணம், அந்தக் காரில்தான் மகளை மண்டபத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. கியர் பாக்ஸைப் பிரித்தோம். உள்ளே ஒரு தகட்டை நாலு ஸ்குரூ பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று வந்துவிட்டது. நாலாவது அசையவில்லை. பாக்ஸ் அலுமினியம். விரிசல் விட்டால் வேறு ஒன்று எங்கே தேடினாலும் கிடைக்காது, கார் தள்ளுவண்டிதான்.

மறுநாள் காலை தாம்பாவுக்குப் பென்ஷன் ஆபீசில் வேலை. போகும்போது, "இவரைத் தொடாதடா. கோவமா கீறாரு. நான் வர்ற வரைக்கும் தாம்பா" என்றார்.

என் ஷெட்டில், என் மேஜையில், என் வேலைக்காரர் எனக்கே பொறு என்பதா? பெரிய திருப்புளியை வைத்துச் சுத்தியால் ஓங்கி அடித்துத் திருப்பினேன். வழுக்கியது. இன்னும் ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் தலையிலிருந்த வெட்டு, தேய்ந்த எட்டணா மாதிரி மழுங்கிப்போனது.

தாம்பா வந்தார், பார்த்தார். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கர்னலும் வந்துவிட்டார்.

"கிஸ்னே கியா யே?" என்றார். யார் செய்தது இது?

ராணுவக் குரல். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "இந்தக் கிழவர்தான் சாப். கொஞ்சம் கிஸ்கா ஹுவா கேஸ்" என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினேன். நம் பாஷையில், மரை கழண்ட ஆள். முப்பது வருஷம் பூனாவில் வேலை பார்த்தவருக்கு இந்தி புரியாதா? தாம்பா நிமிரவே இல்லை.

கர்னல் அவரிடம், "பாபா, கையைப் பார்த்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் தாம்பா அந்த ஸ்குரூவோடு குடித்தனம் நடத்தினார். மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். சின்னச் சுத்தியால், நோயாளி இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலத் தட்டினார். மூன்றாம் நாள் நன்றாகத் துடைத்துவிட்டு, மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் போட்டார். சுற்றிலும் அலுமினியத்தை இதமாகச் சூடாக்கி, மெழுகுவத்தியை ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரை மாட்டி, முதலில் ஒரு மயிரிழை முடுக்கினார்.

எனக்குப் பதறியது. "முடுக்குறீங்களே?"

"வந்தவங்கள எடுத்த உடனே கெளம்புன்னு சொல்ல முடியுங்களா?"

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு அது வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. அதைக் கையில் வாங்கி, "போய்ட்டு வாங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒரு டீ சொல்லுங்க முதலாளி" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. முடியுங்களா, சொல்லுங்க. மூன்று நாளாகவே அப்படித்தான் பேசியிருக்கிறார்.

கல்யாணத்துக்குக் கார் போனது. கர்னல் என் முதுகில் தட்டிக்கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். தாம்பா தொடர்ந்து வேலைக்கு வந்தார். பேங்க் மேனேஜருக்கு 'வாடா', பால்காரனுக்கு 'வாடா'. எனக்கு மட்டும், "வாங்க முதலாளி." புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். செருப்பால் அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அவர் வேலையை விட்டு நிக்டியில் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகும், பார்க்கப் போனால் அதே 'வாங்க'தான். எட்டு வருஷம் தாங்கினேன். ஒருநாள் வானவடிக்குப் போய்க் கர்னல் முன்னால் நின்று உள்ளதைச் சொன்னேன். அங்கிருந்து நேராக நிக்டி.

"கர்னல்கிட்ட சொல்லிட்டேன். கெடுத்தது நான்தான்னு."

தாம்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னா சொன்னாரு?"

"எந்த ஸ்குரூன்னு கேட்டாரு."

அவர் தோள் முதலில் குலுங்கியது, சிரிப்பு அப்புறம்தான் வந்தது. "எட்டு வருசம் ஆச்சாடா இது கழல்றதுக்கு" என்றார்.

இப்போது அவர் இல்லை. தமிழ்ச் சங்கத்தில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் எனக்கு 'வாங்க, வாங்க'தான். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் வாய் தவறி 'டா' போடமாட்டாரா என்று ஒரு நிமிஷம் வாசலிலேயே நிற்கிறேன்.