ஹயாத்து நீள ஒரு துண்டுத் தொதல்

என் சதையி எனக்குச் சதி செய்துவிட்டது.

சதையி என்றால் வேறொன்றுமில்லை. இரைப்பைக்குப் பின்னால் படுத்துக்கிடந்து இன்சுலின் சுரக்கிற ஒரு சோம்பேறி. முப்பத்தொரு வருஷம் கற்பிட்டிப் பிள்ளைகளுக்கு அதைக் கரும்பலகையில் வரைந்து, பெயர் குறித்து, நிறம் தீட்டிக் காட்டிய உயிரியல் வாத்தியார் நான். அந்த நன்றிகூட இல்லை. நான் பென்சன் எடுத்த வருஷமே அதுவும் பென்சன் எடுத்துவிட்டது. வயசு போனால் மனுஷன் சீனியர் ஆவான் என்பார்கள். நான் 'யர்' இல்லாமல் ஆனேன். வெறும் சீனி.

பெயர் ஹயாத்து முகம்மது. எங்கள் ஆட்களிடம் ஹயாத்து என்றால் ஆயுள். பெயரிலேயே ஆயுளை வைத்திருப்பவனுக்கு ஆயுளைப் பற்றி என்ன பயம்? இரண்டு வருஷம் கிளினிக்கை ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தேன். கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னால் நோன்பாளிபோல் வாயைக் கட்டுவேன். இரத்தம் எடுப்பார்கள். சீனி அளவாக இருக்கும். வரும் வழியில் ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக் கடையில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதலில் இரண்டு துண்டு தின்று வெற்றியைக் கொண்டாடுவேன்.

பிறகு புது டொக்டர் ஒருத்தி வந்தாள். என்னிடம் படித்த பிள்ளை. அதுதான் வினை.

"சேர், இந்தமுறை மூணு மாசச் சீனி பாப்பம்" என்றாள்.

எனக்கு வியர்த்தது. இரத்தத்தில் ஓடுகிற செங்குழியம் நூற்றிருபது நாள் வாழும். அத்தனை நாளும் நாம் தின்ற சீனியை முதுகில் ஒட்டிக்கொண்டு திரியும். இதை அவளுக்குப் படிப்பித்ததே நான்தான். என் சொந்தக் குருதியே எனக்கெதிராகச் சாட்சி சொன்னது. ஒன்பது தசம் எட்டு.

"மூணு மாசம் தாறன் சேர். ஏழுக்குக் கீழ வரல்லையெண்டா ஊசிதான்."

பக்கத்தில் இருந்த என் மனைவி ஜெமீலா ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெமீலா பேசினால் நான் பயப்படுவதில்லை. பேசாவிட்டால்தான் பயம். முந்தலில் இருக்கிற என் நானாவுக்கு, கூடப்பிறந்த மூத்தவருக்கு, போன வருஷம் இதே சீனியால் இடது காலை எடுத்தார்கள். அவர் வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்பைக் கண்ட நாளிலிருந்து ஜெமீலா தினமும் படுக்கும்போது என் பாதத்தைத் தடவிப் பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். காலை இழுத்துக்கொள்வேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சீனிப்போத்தல் மறைந்தது. கருப்பட்டி மறைந்தது. நான் புத்திசாலித்தனமாக ஒரு திட்டம் போட்டேன்.

"இஞ்ச பாரு ஜெமீலா, ஒரு முடிவெடுத்திட்டன். இனி ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதிட்டு நடக்கப் போறன். சுகத்துக்கு."

"நடக்கவா? நீங்களா?"

"நானேதான்."

"மாஷா அல்லாஹ்! உங்கட ஹயாத்து நீளட்டும்" என்று கையேந்தினாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஏனென்றால் நடக்க நினைத்த தூரம் ஹிஸ்புல்லாவின் கடைவரைதான். முந்நூறு எட்டு வைத்தால் வந்துவிடும்.

போனேன்.

"ஹிஸ்புல்லா, ஒரு துண்டு தொதல்."

"முடிஞ்சிட்டு சேர்."

"அப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள கறுப்பா மினுங்கிறது என்ன?"

"அது... ஓடர், சேர்."

"யாருட ஓடர்?"

"பெரிய இடத்து ஓடர், சேர்."

பஸ் நிலையத்துக் கடைக்குப் போனேன். அங்கேயும் ஓடர். பள்ளிவாசலடிக் கடையிலும் ஓடர். ஊரில் எத்தனை கலியாணம் நடக்கிறதென்று நான் அதிசயித்தேன். நாலாம் நாள் ஹிஸ்புல்லாவே இரக்கப்பட்டு, "கண்டக்குழியில பதுர்தீன்ட கடையில இரிக்கும் சேர்" என்றான்.

கண்டக்குழி! எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கட்டைக்குக் குறையாது. போக இரண்டு மைல், வர இரண்டு மைல். ஓட்டோவில் போகலாமென்றால், நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த மனுஷன் ஓட்டோவில் போகலாமா? ஓட்டோ வைத்திருக்கிற நஸீர் அடுத்த வீட்டுக்காரன் வேறு. நடந்தேன்.

சண்டைக் காலத்தில் அந்தப் பாதையில் நேவிக்காரனிடம் அடையாள அட்டை காட்டிக் காட்டியே அரைநாள் போய்விடும். இப்போது காப்பெட் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது. யாரும் மறிக்கவில்லை. ஒருவனாவது மறித்துத் திருப்பி அனுப்பினால் நல்லதென்றுகூட இருந்தது. கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் பறந்தார்கள். நான் நாக்கைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்தேன்.

பதுர்தீன் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். நெருப்புப்பெட்டி அளவு.

"இன்னொண்டு தா மகன்."

"ஆளுக்கு ஒண்டுதான் சேர். கடைச் சட்டம்."

வாயில் போட்டேன். யா அல்லாஹ்! ஏலக்காய் மூக்கில் ஏறியது. கண் தன்னால் மூடியது.

"பதுர்தீன், கைப்பக்குவம் எண்டா இதுதான்! எண்ட பெண்சாதியும் முப்பத்தஞ்சு வருஷமாத் தொதல் கிண்டுறா. அவக்கு இந்தப் பக்குவம் வராது."

பதுர்தீனுக்கு ஏனோ புரையேறிவிட்டது. நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒருநாள் தவறவில்லை. மழையில் குடையோடு போனேன். சோளகக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். நஸீர் ஓட்டோவில் என்னைக் கடந்துபோகும்போதெல்லாம், நிறுத்தாமலே, "நடங்க சேர், நடங்க!" என்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போவான். அயலவன் என்றால் ஒரு மரியாதைக்காவது ஏறுங்கள் என்று சொல்ல வேண்டாமா?

இரண்டு மாதத்தில் சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது. உள்ளங்கால் எரிச்சல் போனது. மாடு மாதிரி நித்திரை. எனக்குள் ஒரு பெரிய விஞ்ஞானத் தத்துவம் பிறந்தது: உடம்புக்கு என்ன தேவை என்று நாக்குக்குத் தெரியும், தொதல் சதையிக்கு மருந்து! ஒரு கட்டுரை எழுதத் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. டொக்டர்ப் பிள்ளை தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஆறு தசம் நாலு! ஊசி தேவையில்ல. என்ன சேர் செஞ்சீங்க?"

"நடந்தன் மகள்" என்றேன், பெரிய மனுஷன்போல். ஜெமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தரம் சொன்னாள்.

அந்தக் கண்ணீர்தான் என்னைக் கொன்றது. இவளையா ஏமாற்றினேன்? வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஜெமீலா, என்ன மன்னிக்கணும். நான் சுகத்துக்கு நடக்கல்ல. பதுர்தீன்ட கடையில களவாத் தொதல் தின்னத்தான் போனன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"கடையெல்லாம் ஓடர் ஓடர் எண்டானுகளே, அது யாருட ஓடர் எண்டு நெனச்சீங்க?"

நான் கதிரையின் நுனிக்கு வந்தேன்.

"நீங்க ஹோல்ல இருவது வருஷம் டியூசன் குடுக்கக்குள்ள நான் குசினிக்குள்ள தேங்கா திருவினன். கைதான் தேங்காயில. காது உங்களில. பசிச்ச மிருகம் எர தேடி எவ்வளவு தூரமெண்டாலும் போகும் எண்டு சொல்லிக் குடுத்தீங்களா இல்லியா?"

"அப்ப நான் மிருகமா?"

"மனிசனும் மிருகம்தான் எண்டு நீங்கதானே போர்ட்ல எழுதினீங்க. நடக்கிற காலுத் தச இன்சுலின் இல்லாமலே சீனிய இழுத்துக்கும் எண்டும் எழுதினீங்க. நடங்க எண்டு நான் சொன்னா நடப்பீங்களா? அதான் எரயக் கொண்டுபோய் கண்டக்குழியில வச்சன்."

"நீ... வச்சியா?"

"நீங்க நடக்கப் போற நேரத்தில தொதல் நம்மட அடுப்புலதான் கிண்டினன். கருப்பட்டி கால்வாசி, ஏலக்கா கைநெறய. ருசியில முக்காவாசி மூக்குதான் எண்டதும் உங்கட பாடம்தான். விடியக் காலத்தால நஸீர் ஓட்டோவில கொண்டுபோய்க் குடுத்திட்டு வருவான்."

முப்பத்தொரு வருஷம் நான் எத்தனையோ பேருக்குப் படிப்பித்தேன். பாதிப்பேர் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோனார்கள். ஒருத்தி மட்டும், பெயர் பதியாமல், வகுப்பில் உட்கார வாங்கு கேட்காமல், தேங்காய் திருவிக்கொண்டே படித்து, அத்தனையையும் என் ஒருவனின் காலைக் காப்பாற்றச் செலவழித்திருக்கிறாள். அவளை ஏமாற்றியதாக நான்தான் மூன்று மாதமாகத் துள்ளிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஹயாத்து நீளட்டும் என்று அன்று அவள் கேட்ட துஆ வெறும் வாய்வார்த்தை இல்லை. பாதையை நீட்டித்தான் இந்த ஹயாத்தை நீட்டியிருக்கிறாள். அல்லாஹ் எனக்குத் தந்த நிஃமத்து, பெரிய அருட்கொடை, இவள்தான் என்று வாய்விட்டே சொன்னேன். முதல்முறையாக, நானாகவே காலை நீட்டி, "தடவிப் பார் ஜெமீலா, ரெண்டு காலும் இரிக்கி" என்றேன். அவள் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். இந்தமுறை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

குசினியிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. இதுதான் நேரமென்று மெல்லக் கேட்டேன்.

"அப்ப இனி ஒளிப்பு மறைப்பு இல்லத்தானே. இண்டைக்கு வீட்டிலேயே ஒரு துண்டு தாவன்."

ஜெமீலா எழுந்தாள். கதவு மூலையிலிருந்த குடையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அதெப்படி? எனக்குத்தான் அந்தப் பக்குவம் வராதாமே. பதுர்தீன்ட கடைக்கே நடங்க!"