செவ்வாய்க்கு மகள், வியாழனுக்குத் தாய்

உலகத்தில் இரகசியம் என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு முழுமுதற் காரணம் எங்கள் தத்து விவரக் காப்பகம்தான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். அதன் கண்காணிப்பாளன் என்ற முறையில் உள்ளதைச் சொல்கிறேன்.

தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து பெரியவரானதும், தன்னைப் பெற்றவர் யார் என்று அறிய உரிமை உண்டு எனச் சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. நாங்களும் தட்டினோம். தட்டி முடித்ததும் கூட்டம் போட்டோம். ‘உரிமை’ இருக்கட்டும், அதை யாராவது பயன்படுத்தித் தொலைத்தால் என்ன செய்வது என்பதே பொருள். காரசாரமான விவாதத்துக்கும் இரண்டு சுற்றுத் தேநீருக்கும் பிறகு அருமையான நடைமுறை பிறந்தது. பிள்ளை கேட்டால் பெற்றவரின் சம்மதம் வேண்டும். பெற்றவர் கேட்டால் பிள்ளையின் சம்மதம் வேண்டும். ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதை மற்றவரிடம் சொல்வது இரகசிய மீறல். இருவரும் வாசலில் தற்செயலாகச் சந்தித்துவிட்டால்? அதற்கும் மருந்து வைத்தோம். பிள்ளைகளுக்குச் செவ்வாய், பெற்றவர்களுக்கு வியாழன்.

செவ்வாய் தவறாமல் ஒரு பெண் வருவாள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். விரல் நகமெல்லாம் கிரீஸ்.

“சார், என்னை வளர்த்தவங்க தங்கமானவங்க. அவங்களே போய்ப் பாரும்மான்னு சொல்லிட்டாங்க. பெத்தவங்க முகத்தை ஒரு தடவை பார்த்தாப் போதும்.”

“தாராளமாப் பாரு. அது உன் உரிமை. அவங்ககிட்ட ஒரு சம்மதக் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடு.”

“யாருன்னே தெரியாம எப்படி சார் வாங்குறது?”

“யாருன்னு தெரியத்தாம்மா கையெழுத்தே.”

“அப்ப நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்.”

“நீ தேடுறதை நான் அவங்ககிட்டச் சொன்னா, உன் இரகசியம் என்னாகும்?”

“எனக்கு இரகசியமே இல்ல சார்!”

“உனக்கு இல்லாம இருக்கலாம். அலுவலகத்துக்கு இருக்கே.”

வியாழன் தவறாமல் அவளைப் பெற்றவள் வருவாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். ஓயாத இருமல். மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு அடங்கும் முன்பே கேட்பாள்.

“ஐயா, எம்பொண்ணு தேடி வந்தாளா?”

“வந்தான்னோ வரலைன்னோ சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

“வாயால சொல்ல வேணாம். சும்மா தலையையாவது ஆட்டுங்க.”

நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். அன்று மாலை சுளுக்குக்கு எண்ணெய் தடவ வேண்டியதாயிற்று. கடமை என்றால் சும்மாவா!

எங்கள் லிஃப்ட் படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாயன்று, காத்திருக்கப் பொறுக்காத மகள் அதன் பெட்டியைத் திறந்து குடைந்து ஓட வைத்துவிட்டாள். முன் அனுமதி பெறவில்லை. ஆனாலும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன். அந்த வியாழன், தாய் மூச்சு வாங்காமல் வந்து நின்றாள்.

“புண்ணியமாப் போச்சுய்யா. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும். யாரு சரி பண்ணது?”

“மூன்றாம் நபர் விவரம் தர இயலாது” என்றேன்.

சில வாரங்களில் இருமல் முற்றியது. “டாக்டர் கையை விரிச்சுட்டாருய்யா. இனிமே வர முடியுமோ என்னவோ. அவ வந்தா, நான் வேணும்னு அவளைக் கைவிடலைன்னு மட்டும் சொல்லுங்க” என்று அழுதாள்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். இருந்தாலும், வாய்மொழிச் செய்திகளைப் பெற்றுக்கொள்ள நடைமுறை இல்லை என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னேன்.

அதன் பிறகு அவள் வரவில்லை. அவள் இறந்த செய்தி சலவைக்கூடத்திலிருந்து வந்தது. எங்கள் விதிகள் எவ்வளவு கருணை மிக்கவை என்பது அப்போதுதான் தெரிந்தது. இறந்தவரின் சம்மதம் தேவையில்லை! மகளுக்கு நானே போன் செய்தேன். செவ்வாய் வரை காக்க வைக்கவும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமையே வரச் சொன்னேன்.

ஓடி வந்தாள். “பேரு, விலாசம், போட்டோ, எல்லாம் இருக்கு. சந்தோஷம்தானே?” என்று நீட்டினேன். போட்டோவைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“இப்பவே போய்ப் பார்க்கலாமா சார்?”

“அதுலதான் சின்னச் சிக்கல். போன வாரம் தவறிட்டாங்க. அதனாலதான் உன் வேலை இவ்வளவு சுருக்கா முடிஞ்சது.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க என்னைத் தேடுனாங்களா?”

“இனிமே சொல்லலாம், தடையில்ல. ஒரு வியாழன் விடாம வந்தாங்க.”

“நான் செவ்வாய்க்கிழமை வந்தேனே...”

“ஏற்பாடே அதுதானேம்மா! இத்தனை நாள்ல ஒரு சொல் வெளியே கசிஞ்சிருக்கா, சொல்லு?”

அந்த ஆண்டின் ‘மக்கள் சேவைச் செம்மல்’ விருதுக்கு எங்கள் காப்பகம் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. பயனடைந்தவரின் பாராட்டு ஒன்றுதான் குறையாக இருந்தது. எனவே பேனாவைத் திறந்துகொண்டு, “எங்க சேவையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லேன்” என்றேன்.

“எழுதிக்குங்க சார்” என்றாள். “எங்கம்மா என்னை ஒரே ஒரு தடவைதான் கைவிட்டாங்க. நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை.”